கண்ணில் விழுந்த பூ

(திருநெல்வேலி டவுணில் நடந்த கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்றைக்கு நாம் புராண ஆபாசத்தைப் பற்றியோ, சடங்கு மோசடியைப் பற்றியோ பேசுவோமென்று எண்ணிச் சிலர் வந்திருக்கலாம். அப்படி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் இன்று பேசப்போவது கண்ணைப் பற்றியாகும். கண்ணில் ஒரு சிறு கீறல் விழுந்தால் அது எப்படி ஆறுகிறது, அதை ஆற்றுவது யார், ஆறாமற் போனால் அதற்குக் காரணம் யார் என்பதே விஷயம். நாம் டாக்டரல்ல, பட்டம் பெற்றவருமல்ல. கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்ட சங்கதியைத்தான் சொல்லப் போகிறோம். நாம் சொல்வதாலேயே நம்பவேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் இதைப் பேச ஒரு காரணமுண்டு. நம் தாமிரபரணிக் கரையெல்லாம் நெல் விளைகிற பூமி. காரும் பிசானமுமாக அறுத்து, அடித்து, தூற்றி வாழ்கிற ஜனங்கள் நாம். அரிவாள் பிடிக்கிறவர் கண்ணில் கதிரின் சுணை குத்துகிறது. தூற்றுகிறவர் கண்ணில் உமி பறந்து விழுகிறது. வைக்கோற்போர் போடுகிறவர் கண்ணில் தாள் கீறுகிறது. சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. நாட்டுக்குச் சோறு போடுகிறவனுக்கே கண் போகிறது.

நம் வீட்டில் நடந்த கதை

ஊரார் கதையைச் சொல்லுமுன் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். சேரன்மகாதேவிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட நம் தமக்கையாருக்குச் சில வருஷங்களுக்குமுன் பிசான அறுவடையில் இடது கண்ணில் சுணை குத்திற்று. அன்று மாலை பக்கத்து வீட்டம்மாள் ஒருவர் நாக்கை விட்டுத் தூசியெடுத்தார். மறுநாள் தாய்ப்பால் பீச்சினார்கள். அதற்கு மறுநாள் விளக்கெண்ணெய். நாலாம் நாள் ஏதோ ஓர் இலைச்சாறு. கண் சிவந்து வீங்கியதும் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டார்கள். ஆறாம் நாள் நமக்குச் செய்தி வந்தது.

நாம் போய் எல்லோரையும் கோபித்துக்கொண்டோம். "உங்கள் அம்மன் வெள்ளிக் கண்ணை வாங்கிக்கொண்டு சதைக் கண்ணைக் கொடுப்பாளா?" என்று பெரிய ஞானிபோல் கேட்டோம். ஆனால் அதற்குமேல் நாம் செய்த காரியமென்ன? நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோமா? இல்லை. ஒரு மருந்துக் கடைக்குப் போய், கண் சிவந்திருக்கிறதென்று சொல்லி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சொட்டு மருந்தை வாங்கி வந்து ஊற்றினோம். இரண்டே நாளில் சிவப்புக் குறைந்தது. நம் பெருமைக்கு அளவே இல்லை! மூன்றாம் நாள் கண்ணின் நடுவில் வெள்ளை தெரிந்தது. பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். அவர் குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது; இந்தப் புண் காளானால் வந்தது. நெருப்பில் நெய் ஊற்றியிருக்கிறீர்கள்" என்றார். புண் ஆறிற்று, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது.

தோழர்களே! மந்திரத்தைப் பார்த்துச் சிரித்த நாமே கடைக்காரர் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். விசாரியாமல் நம்புவது கோயிலிலே செய்தாலும் மூடநம்பிக்கைதான். கடையிலே செய்தாலும் மூடநம்பிக்கைதான். அந்த வெட்கத்தில்தான் கண்ணைப் பற்றி நாம் படிக்கத் தொடங்கினோம்.

கருவிழி என்பது என்ன?

கண்ணின் கறுப்பு வட்டத்தின்மேல் கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தெளிவான படலத்தைக் கருவிழி என்கிறார்கள். குறுக்களவு ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. இருந்தால் வெளிச்சம் தடைப்படும். மேலே ஐந்து முதல் ஏழு அடுக்கு மெல்லிய தோல்; அதன்கீழ் பத்தில் ஒன்பது பங்கு நார்கள் ஒழுங்காய்ப் பாய் முடைந்ததுபோல் அடுக்கப்பட்ட நடுப்பாகம்; உட்புறத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டேயிருக்கும் ஓர் அடுக்கு அணுக்கள். மேல்தோல் ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் புதிதாகிவிடுகிறது. புதிய அணுக்களின் நாற்றங்கால் கறுப்பும் வெள்ளையும் சேரும் வரம்பில் இருக்கிறது. அங்கிருந்து அணுக்கள் நடுவை நோக்கி நகர்ந்து வந்துகொண்டேயிருக்கின்றன.

மடையும் மரபணுவும்

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சுமார் 300 கோடி எழுத்துக் கொண்ட ஓர் ஏடு இருக்கிறது. அதில் இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று சொல்லும் அத்தியாயங்கள் ஏறக்குறைய 20,000. அவற்றைத்தான் மரபணுக்கள் என்கிறார்கள். ஆச்சரியமென்னவென்றால், கண்ணின் அணுவிலும், ஈரலின் அணுவிலும், குதிகால் தோலின் அணுவிலும் இருப்பது ஒரே ஏடு. அப்படியானால் கண் ஏன் கண்ணாயிருக்கிறது, குதிகால் ஏன் குதிகாலாயிருக்கிறது?

இதை நம் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். தாமிரபரணித் தண்ணீர் ஒன்றுதான். சுத்தமல்லி அணையிலிருந்து திருநெல்வேலிக் கால்வாய் பிரிகிறது. பழவூர் அணையிலிருந்து பாளையங்கால்வாய் பிரிகிறது. வழிநெடுக எத்தனையோ மடைகள். எந்த மடை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு வயலில் நெல், ஒரு தோட்டத்தில் வாழை, ஒரு கரையில் வெறுந்தரை. மரபணுவும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு மடையுண்டு. திறந்தால் அந்தப் புரதம் உண்டாகும், அடைத்தால் நிற்கும். 1961-ல் பிரான்சு தேசத்து ஜாக்கோப், மோனோ என்ற இரு அறிஞர்கள் ஒரு சிறு குடற்கிருமியில் இந்த மடைகள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டினார்கள்.

சரி, மடையைத் திறப்பவர் யார்? இங்கேதான் ஆண்டவனை உட்கார வைக்கலாமென்று சிலர் பார்ப்பார்கள். மடையைத் திறப்பதும் ஒரு புரதந்தான். அது வேறொரு மரபணு விளைத்த சரக்கு. கருவிழியின் பெரிய மடைக்காரருக்குப் பாக்ஸ் ஆறு என்று பெயர். இந்தப் புரதம் தன் இடத்திலிருந்தால் கருவிழிக்குரிய கெராட்டின் மடைகள் திறந்திருக்கும், தோலுக்குரியவை அடைத்திருக்கும். பிறவியிலேயே இந்த மரபணுவின் ஒரு பிரதி கெட்டுப்போனவர்களுக்குக் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை சரியாய் வளர்வதில்லை. நாளடைவில் கருவிழியும் மங்குகிறது. அது பூர்வஜென்ம பாபமல்ல, எழுத்துப் பிழை.

மணிக்கு மணி என்ன நடக்கிறது?

இப்பொழுது கண்ணில் சுணை கீறிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த அணுக்களிலிருந்து சில சரக்குகள் வெளியே கசிகின்றன. பக்கத்து அணுக்களுக்கு அதுதான் தண்டோரா. ஒரு மணி நேரத்துக்குள் ஃபாஸ், ஜூன் என்ற மடைக்காரர்கள் எழுந்து வேலைக்கு வந்துவிடுகிறார்கள். முதல் நாலைந்து மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மாத்திரம் மடை மாற்றம் மும்முரமாய் நடக்கிறது. அணுவைத் தரையோடு கட்டிவைத்திருந்த கட்டுகள் அவிழ்கின்றன. நகர்வதற்கு வேண்டிய பிடிகளின் மடை திறக்கிறது. பிறகு ஓரத்து அணுக்கள் தட்டையாகி, மணிக்கு 60 முதல் 80 மைக்ரான் வீதம், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை, புண்ணை நோக்கி வழுக்கிக்கொண்டு போகின்றன. வரம்பிலுள்ள நாற்றங்காலில் அணுக்கள் பெருகுகின்றன. இரண்டு விளிம்பும் சந்தித்ததும் நகர்வு மடைகள் அடைகின்றன, பழைய மடைகள் திறக்கின்றன. சிறு கீறலென்றால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

நகரச் சொல்லும் செய்திகளில் ஒன்று நம் கண்ணீரிலேயே இருக்கும் ஒரு வளர்ச்சிப் புரதம். அதைக் கண்டவர் ஸ்டான்லி கோஹன். ஒரு சுரப்பியின் சாற்றைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அவை நாளாகுமுன்பே கண் திறந்ததைப் பார்த்து, ஏன் என்று கேட்டார்; அதிலிருந்து பிடித்தார். 1986-ல் அவருக்கும் ரீட்டா லெவி-மொந்தால்சினி அம்மையாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அம்மையார் யூதப் பெண். 1938-ல் முசோலினியின் இனச் சட்டம் அவரைக் கலாசாலையை விட்டுத் துரத்திற்று. அவர் படுக்கையறையிலேயே ஒரு சோதனைச்சாலை வைத்து வேலை செய்தார். அவர் பிற்காலத்தில் கண்ட நரம்பு வளர்ச்சிப் புரதமே, நரம்பு செத்து ஆறாமலிருக்கும் கருவிழிப் புண்ணுக்கு இன்று சொட்டு மருந்தாகப் பயன்படுகிறது. பிறப்பைச் சொல்லி ஒரு பெண்ணைப் படிப்புக்கு வெளியே தள்ளியிருந்தால் உலகத்துக்கு எத்தனை கண்கள் நஷ்டமாயிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். நம் நாட்டில் அப்படித் தள்ளியது ஒரு வருஷமா, இரண்டு வருஷமா?

பெயர் யாருக்கு?

இப்பொழுது ஒரு கேள்வி. சிறு கீறல் மூன்று நாளில் தானே ஆறுகிறதென்றால், அந்த மூன்று நாளில் நாம் எதைச் செய்தாலும் அதற்குத்தானே பெயர் கிடைக்கும்? திருநீறு போட்டவன் திருநீறு பலித்ததென்பான். தாய்ப்பால் விட்டவள் பால் பலித்ததென்பாள். வேப்பிலை அடித்தவன் தட்சிணை கேட்பான். வேலை செய்தது மரபணு. கூலி வாங்கினது மந்திரவாதி. ஆறாமல் சீழ் பிடித்தாலோ, அப்பொழுது திருநீற்றின்மேல் குற்றமில்லை, தலைவிதி! ஜெயித்தால் சாமி, தோற்றால் கர்மம் என்றால் அந்தச் சாமி என்றைக்குத் தோற்பார்?

உண்மையைப் பிரித்தறிய அறிஞர்கள் வைத்திருக்கும் வழி வேறு. அதே நோயுள்ளவர்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மருந்தும், மறு கூறுக்கு மருந்துபோலிருக்கும் வெறுஞ்சொட்டும் கொடுத்து, யாருக்கு எது என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைத்து, கடைசியில் எண்ணிப் பார்ப்பது. இது சீமையில் மாத்திரம் நடப்பதல்ல. 2012-ல் முடிவு வெளியான பெரும் பரீட்சை ஒன்றில் பாக்டீரியாப் புண் கண்ட 500 பேர் சேர்ந்தார்கள். அதில் மதுரை, கோயம்புத்தூர் அரவிந்த் ஆஸ்பத்திரிகளோடு நம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியும் பங்கெடுத்தது. கிருமி மருந்தோடு ஸ்டீராய்டும் விட்டால் பார்வை மேம்படுமா என்பது கேள்வி. மூன்று மாதத்தில் மொத்தத்தில் வித்தியாசமில்லை என்று பதில் வந்தது. காளான் புண்ணுக்காரரை அதில் சேர்க்கவேயில்லை. ஏனென்றால் அவர்களுக்கு ஸ்டீராய்டு தீங்கு. டாக்டர்கள் தங்கள் சொந்த மருந்தையே கூண்டிலேற்றி விசாரித்து, கிடைத்த பதிலை மறைக்காமல் அச்சிட்டார்கள். எந்தக் கோயிலாவது தன் தீர்த்தத்தை இப்படிப் பரீட்சைக்குக் கொடுக்குமா?

பூ விழுவது ஏன்?

மேல்தோலோடு போன கீறல் தடயமின்றி ஆறும். ஆனால் கிருமி குடியேறி, அடித்தளம் உடைந்து, நடுப்பாகத்துக்குப் புண் இறங்கினால் கதை மாறுகிறது. கண்ணீரிலும் மேல்தோலிலும் இருக்கும் இன்னொரு செய்தி உள்ளே இறங்குகிறது. அதுவரை வெளிச்சத்தைத் தடுக்காத புரதங்களைச் செய்துகொண்டு அமைதியாயிருந்த நடுப்பாகத்து அணுக்கள் அந்த மடைகளை அடைத்துவிட்டு, சுருங்கி இழுக்கும் நாரின் மடையைத் திறக்கின்றன. பாய்போல் முடைந்திருந்த நார் தாறுமாறாகிறது. ஓட்டை அடைபடுகிறது, ஆனால் தெளிவு போய்விடுகிறது. உடம்புக்கு உயிர் தப்பியது போதும். பார்வை போனால் அதற்குக் கவலையில்லை. இதையே நம் தாய்மார்கள் பூ விழுந்ததென்கிறார்கள். யோசனையுள்ள ஒரு கர்த்தர் செய்த வேலையென்றால் இப்படிப் பாதியில் விட்டிருப்பாரா?

இது எவ்வளவு பேருக்கு வருகிறது? மதுரை ஜில்லாவில் 1993-ல் லட்சத்துக்கு வருஷம் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததென்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு ஜில்லாவின் கணக்கோ 11. பத்து மடங்கு! 1994-ல் மதுரையில் மூன்று மாதத்தில் வந்த 434 நோயாளிகளைச் சோதித்ததில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கண்டுபிடித்த கிருமிகளில் ஏறக்குறையப் பாதி காளான், பாதி பாக்டீரியா. விதி என்பது ஜில்லா எல்லை பார்த்தா வேலை செய்யும்? வயல் வேலை, வறுமை, தாமதம் இவைதான் விதி.

இன்னொன்று. கருவிழியின் மடைகளைச் சரியாய் வைத்திருக்க வைட்டமின் ஏ வேண்டும். அது அணுவின் உட்கருவுக்கே போய் மரபணுவின் வாசலில் உட்காருகிற சரக்கு. அது குறைந்தால் கண்ணின் மேல்தோல் உடம்புத் தோலைப்போல் காய்ந்து தடிக்கிறது. முற்றினால் கருவிழி கரைந்துவிடுகிறது. அம்மை வார்த்துக் கண் போன குழந்தைகளை ஆத்தாள் எடுத்துக்கொண்டாளென்று சொன்ன தேசமிது. திருச்சி ஜில்லாவில் 15,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடத்திய பரீட்சையில், வாரமொரு சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்ததால் சாவு பாதிக்கு மேல் குறைந்ததென்று 1990-ல் எழுதினார்கள். அந்தக் கொடுமை இன்று பெரிதும் குறைந்துவிட்டது. குறைத்தது கூழ் ஊற்றினதல்ல. தடுப்பூசியும், சொட்டு மருந்தும், முருங்கைக்கீரையுமேயாகும்.

தலையும் காலும்

பிரமன் முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று சாஸ்திரம் சொல்லுகிறதல்லவா? 2014-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் சாதாரணத் தோலின் மூல அணுவை எடுத்து, பாக்ஸ் ஆறு என்ற அந்த ஒரு மடைக்காரரைச் சேர்த்தார்கள். தோல் அணு கருவிழி அணுவைப்போல் மாறிற்று; முயலின் கெட்ட கண்ணில் வைத்ததும் பொருந்திற்று. தோலுக்குள்ளேயே கண்ணாகும் ஏடு முழுவதும் இருந்தது. மடை அடைத்திருந்ததுதான் குறை. மனிதருக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது, உவமைதான். ஆனால் பள்ளிக்கூடத்து மடையை அடைத்து வைத்துக்கொண்டு "உனக்குப் படிப்பு வராது" என்று சொன்னவர்களுக்கு இந்த உவமை போதும்.

செய்ய வேண்டியது

கேட்டுவிட்டுப் போவதில் பிரயோஜனமில்லை. வீட்டில் சொல்லுங்கள். கண்ணில் எது விழுந்தாலும் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாக்கு, தாய்ப்பால், எண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டாம். அவற்றோடு கிருமியும் போகும். கடைக்காரரிடம் சொட்டு மருந்து கேட்காதீர்கள். வலியும் உறுத்தலும் நின்றபாடில்லையென்றால் அன்றைக்கே, தப்பினால் மறுநாளே, கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேபாளத்தில் பக்தபூரில் கிராமத்து ஊழியர்கள் கீறல் பட்ட 442 பேருக்கு மூன்று நாள் கிருமிக் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் பிடிக்கவில்லையென்று 2001-ல் எழுதியிருக்கிறார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் பிறகு இதைச் செய்து பார்த்து நல்ல பலன் கண்டார்கள். தூற்றுகிற நாளில் ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்மலர் வாங்கும் காசில் குடும்பத்துக்கே கண்ணாடி வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. சாமி கண்ணில் இரத்தம் வந்தபோது கண்ணப்பர் தன் கண்ணைப் பிடுங்கி அப்பினார் என்ற கதை உங்களுக்குத் தெரியும். முழுக் கண்ணை மாற்றிப் பார்வை வரவழைக்க இன்றைக்கும் எந்த டாக்டராலும் முடியவில்லை. ஆனால் கருவிழியை மாற்ற முடியும். 1905-ல் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு கூலிக்காரருக்கு முதன்முதல் அதைச் செய்து வெற்றி கண்டார். நம் நாட்டில் சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரியில் 1945-ல் கண் வங்கி ஏற்பட்டது. 1948-ல் டாக்டர் முத்தையா கருவிழி மாற்றினார். இரத்தக் குழாய் இல்லாததால் இரத்தப் பிரிவு பார்க்கவேண்டியதில்லை. ஜாதிப் பிரிவு கேட்கவே வேண்டாம். செத்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும்.

கண்ணைக் கொடுத்தால் அடுத்த ஜென்மத்தில் குருடாய்ப் பிறப்போமென்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். கொடுக்காமலிருந்தாலும் அந்தக் கண் நெருப்புக்கோ புழுவுக்கோதான் போகிறது. நெருப்புக்குக் கொடுக்கச் சம்மதிப்பவர் மனிதனுக்குக் கொடுக்கத் தயங்குவானேன்?

நம் தமக்கையார் பெயர் இன்று கருவிழிக்காகக் காத்திருப்பவர் ஜாபிதாவில் இருக்கிறது. நாம் நம் கண்களை எழுதிக் கொடுத்துவிட்டோம். உங்களையும் கேட்கிறோம்.